கல்லூரிப் படிக்கட்டுகள்

பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்ற சில ஆண்டுகளிலேயே, 1821இல், புனே நகரில் ஒரு சமஸ்கிருத பாடசாலை தோன்றிற்று. அதுவே பின்னாளில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது. 1885இல் திலகர், அகர்க்கர் முதலியோர் கூடிப் பெர்குஸன் கல்லூரியை நிறுவினர். 1949இல் எம். ஆர். ஜயகரை முதல் துணைவேந்தராகக் கொண்டு, கணேஷ்கிண்ட்டில் பம்பாய் கவர்னர்கள் வசித்த மாளிகையையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, பல்கலைக்கழகமும் பிறந்தது. 'கிழக்கின் ஆக்ஸ்போர்டு' என்ற புகழ்மொழி இந்நகருக்கு இவ்வாறு வாய்த்தது. வெளி மாநிலங்களிலிருந்து ஆண்டுதோறும் வந்து சேரும் மாணவர்களிடையே நம் தமிழ்ப் பிள்ளைகளையும் காணலாம்.

இப்பழைய கல்விக்கூடங்களைச் சுற்றிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவன அவற்றின் படிக்கட்டுகள். உயர்ந்த மேடை, அதன்மேல் கட்டடம், ஏறிச் செல்லக் கருங்கற்படிகள். கட்டியவர்கள் எவரையும் வெளியே நிறுத்தவேண்டும் என்று எண்ணிக் கட்டவில்லை. காலால் நடந்து வர இயலாத மாணவன் ஒருவன் என்றாவது இவ்வாயிலுக்கு வரக்கூடும் என்ற நினைவே அவர்களுக்கு எழவில்லை.

இத்தனைக்கும், அத்தகைய மனிதர்கள் இந்நகரில் இல்லாமல் இல்லை. கிர்க்கி என்றால் நம்மவர்க்கு வெடிமருந்துத் தொழிற்சாலையும், அதனைச் சூழ்ந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் நினைவுக்கு வரும். முதல் உலக யுத்தத்தில் கை கால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக 1917இல் பம்பாயில் தொடங்கப்பட்ட 'குவீன் மேரி' தொழிற்பள்ளி பின்னர் இதே கிர்க்கிக்கு வந்து நிலைத்தது. இரண்டாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு நிலையம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அங்கே செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு எழுந்து நடந்தனர். கிர்க்கிக்கும் கணேஷ்கிண்ட்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆயினும் முன்னதில் இருப்பவர் ஒருவர் பின்னதில் மாணவராக அமரலாம் என்ற எண்ணம் இரு தரப்பாருக்கும் நெடுங்காலம் தோன்றாமலே இருந்தது. அவ்வெண்ணம் எப்படித் தோன்றிற்று, ஏற்கெனவே வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களின் மனோபாவம் எதனால் மாறிற்று என்பதே இவ்வுரையின் விஷயம்.

நம் நாட்டில் உடற்குறையுடையோருக்கான கல்வி சமயத் தொண்டர்களின் இரக்கத்தில் பிறந்தது. 1885இல் பம்பாயில் காது கேளாதோர் பள்ளி. 1887இல் அமிர்தசரஸில் பார்வையற்றோர் பள்ளி. தமிழ்நாட்டிலோ, பாளையங்கோட்டையில் 1890இல் அஸ்குவித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897இல் ஸ்வெயின்ஸன் அம்மையார் செவிப்புலன் அற்றோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினர். பாளையங்கோட்டையைத் 'தென்னாட்டு ஆக்ஸ்போர்டு' என்று திருநெல்வேலிக்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. கிழக்கு ஆக்ஸ்போர்டுக்கும் தெற்கு ஆக்ஸ்போர்டுக்கும் இவ்விஷயத்தில் போட்டி வைத்தால் தெற்குக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பள்ளிகள் எழுத்தறிவைத் தந்தன. பிரம்பு பின்னுதல், நெசவு போன்ற கைத்தொழில்களையும் தந்தன. பிறர் கையை எதிர்பாராமல் ஒருவன் பிழைத்தால் போதும் என்பதே அக்காலத்தின் உயர்ந்த இலட்சியமாக இருந்தது. பட்டப்படிப்பு அந்த இலட்சியத்தின் எல்லைக்கு வெளியே நின்றது.

அந்த எல்லையைத் தாண்டியவர் சிலர் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வை இழந்த சாதன் குப்தா, கல்கத்தா பார்வையற்றோர் பள்ளியில் தொடங்கி, பிரஸிடென்ஸி கல்லூரியில் பயின்று, பாரிஸ்டராகி, 1953இல் இடைத்தேர்தலில் வென்று பார்லிமெண்டின் முதல் பார்வையற்ற உறுப்பினரானார். 1986இல் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் அமர்ந்தார். எகிப்தில் தாஹா ஹுசேன் பார்வையின்றியே 1914இல் கெய்ரோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1950இல் அந்நாட்டின் கல்வி மந்திரியானார். இவர்களை நாம் போற்றுகிறோம். ஆனால் இத்தகையோரின் புகழால் ஒரு தீங்கும் விளைந்தது. உடற்குறையுடைய ஒருவன் கல்லூரிக்கு வரவேண்டுமானால் அவன் மேதையாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர் மனத்திலும் மாணவர் மனத்திலும் ஊன்றிவிட்டது. நாற்பத்தைந்து மதிப்பெண் பெற்றுத் தேறும் சாதாரண மாணவனுக்குக் கண் இருந்தால் கல்லூரியில் இடம் உண்டு. அதே மதிப்பெண் பெறும் கண்ணற்றவனை 'இவனுக்கு எதற்கு இந்தச் சிரமம்?' என்று கேட்டனர். கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், பரிவோடுதான் கேட்டனர்.

பாட நூல்களின் நிலையும் சொல்லத்தக்கது. 1951 வரை நம் நாட்டில் பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்துமுறை ஒன்றாக இல்லை. பகுதிக்கு ஒரு முறை வழங்கிற்று. அவ்வாண்டில்தான் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான 'பாரதி பிரெய்ல்' ஏற்கப்பட்டது. டேராடூனில் மத்திய அரசின் பிரெய்ல் அச்சகமும் ஏற்பட்டது. அச்சகம் வந்தபோதும் அதில் முதலில் வந்தவை பள்ளி நூல்களே. கல்லூரிப் பாடநூலைப் பார்வையற்ற மாணவன் அறிய ஒரே வழி, பக்கத்து வீட்டு நண்பனோ வகுப்புத் தோழனோ உரக்க வாசிப்பதுதான். இந்தியக் கல்லூரிகளில் பார்வையற்றோர் பட்டம் பெற்ற வரலாறு, ஒரு வகையில், பெயர் தெரியாத அந்த வாசிப்பாளர்களின் வரலாறுமாகும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 41ஆவது விதி, உடற்குறை நேர்ந்தவர்க்குக் கல்வியும் உதவியும் கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும் என்றது. ஆனால் 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையும் கூடவே நின்றது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, இக்கல்வியை இரக்கத்தின் பேரில் மட்டுமின்றிப் பயன் கருதியும் அமைக்கவேண்டும் என்று எழுதிற்று. அக்குழுவின் உறுப்பினர்-செயலாளரான ஜே. பி. நாயக், தாம் பம்பாயில் நிறுவிய இந்தியக் கல்வி நிலையத்தை 1976இல் புனேக்குக் கொண்டுவந்தவர். கோத்தாரி அறிக்கையின் பிற பரிந்துரைகளைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடந்தது. இப்பகுதியை மட்டும் அதிகம் பேர் புரட்டவில்லை.

இங்கே மாணவர் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் 1954இல் தப்பெண்ணங்களின் இயல்பு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பற்றிக் கொண்ட தப்பெண்ணம், வெறுமனே அருகில் இருப்பதால் குறைந்துவிடாது என்றார் அவர். இருவரும் சம நிலையில் இருக்கவேண்டும்; ஒரே காரியத்தில் சேர்ந்து ஈடுபடவேண்டும்; மேலிருக்கும் அதிகாரமும் அதனை ஆதரிக்கவேண்டும்; அப்பொழுதுதான் குறையும் என்பது அவர் கருத்து. அவர் எழுதியது பெரும்பாலும் நிற வேற்றுமையையும் மத வேற்றுமையையும் பற்றி. ஆயினும் அதே காலத்தில் நம் நாட்டில், ஆல்போர்ட்டின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் அதே சோதனையை நடத்திக்கொண்டிருந்தனர். மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் ஒன்று, நம் வேலூரில் ஒன்று.

சந்திரபூர் மாவட்டத்தில் வரோரா என்ற சிற்றூர் இருக்கிறது. புனேயிலிருந்து இரயிலில் ஓர் இரவும் கூடுதலாகவும் பிடிக்கும் விதர்ப்பப் பிரதேசம். அவ்வூர் நகரசபையின் துணைத்தலைவராக இருந்த முரளிதர் தேவிதாஸ் ஆம்டே என்ற வழக்கறிஞர், ஒரு நாள் மழையில் நனைந்தபடி தெருவோரத்தில் கிடந்த துளசிராம் என்ற தொழுநோயாளியைக் கண்டு அஞ்சி ஓடினார். ஓடியவர் தம் அச்சத்தைக் கண்டு வெட்கிப் பின்னர் திரும்பி வந்தார். அவருக்குக் குடில் அமைத்து, இறக்கும்வரை பணிசெய்தார். உலகம் பாபா ஆம்டே என்று அறிந்தவர் அவரே. கல்கத்தாவில் தொழுநோய்ச் சிகிச்சை பயின்று, அரசு அளித்த 50 ஏக்கர் கரட்டு நிலத்தில், மனைவி சாதனாவோடும் இரு குழந்தைகளோடும் ஆறு நோயாளிகளோடும் ஆனந்தவனத்தைத் தொடங்கினார். 1951இல் வினோபா பாவே அதனைத் திறந்துவைத்தார்.

கிணறு தோண்டினர், நிலம் திருந்திற்று, காய்கறி விளைந்தது. ஆனால் வரோரா மக்கள் அந்தக் காய்கறியை வாங்கவில்லை. தொழுநோயாளியின் கை பட்ட கத்தரிக்காய் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இதில் வியப்பேதும் இல்லை. ஆதரவற்ற தொழுநோயாளியைப் பிடித்து அடைக்கலாம் என்ற 1898ஆம் ஆண்டுச் சட்டம் அக்காலத்தில் நாட்டில் இருந்தது; அது முற்றிலும் நீக்கப்பட்டது 2016இல். 1954இல் பன்னாட்டுத் தொண்டுப் படையைச் சேர்ந்த இளைஞர்கள் பல தேசங்களிலிருந்து ஆனந்தவனத்துக்கு வந்து, நோயாளிகளோடு சேர்ந்து செங்கல் சுமந்து, கட்டடம் கட்டினர். அதைப் பார்க்கவென்றே ஊரார் வந்தனர். வந்தவர்கள் மெல்ல மெல்ல வாங்கவும் தொடங்கினர். வெள்ளைக்காரன் தொட்டால் தீட்டு விலகும் என்பதுபோல இருந்தது இது. நம் அடிமை மனத்தின் மிச்சம் என்று யாரேனும் இதனை இகழ்ந்தால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த இளைஞர்கள் பார்வையாளராக வந்து பழம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கூடவே வேலை செய்தனர், கூடவே உண்டனர். ஊராரின் மனத்தை அசைத்தது இதுவே என்பது என் துணிபு.

அடுத்து நடந்ததே நம் விஷயத்துக்கு உயிரானது. வரோராப் பகுதிப் பிள்ளைகளின் பட்டப்படிப்புக்காக 1964இல் ஆனந்தவனம் ஒரு கல்லூரியைக் கட்டிற்று. அதன் பெயர் ஆனந்த் நிகேதன். கலை, விஞ்ஞானம், வணிகம் ஆகிய மூன்றையும் கற்பிக்கும் கல்லூரி அது. அதன்பின் வேளாண்மைக் கல்லூரியும் எழுந்தது. கட்டியவர்கள் தொழுநோயால் விரல் இழந்தவர்கள். படிக்க வந்தவர்கள், அவர்களை ஒதுக்கிய ஊர்களின் பிள்ளைகள். உலகத்தில் எங்கும் உடற்குறையுடையோருக்கு மற்றவர் கட்டடம் கட்டித் தருவதே வழக்கம். இங்கே முறை தலைகீழாயிற்று. இக்கல்லூரிக்கு வந்த மாணவன் நாள்தோறும் அவர்கள் நடுவே நடந்து, அவர்கள் போட்ட சுவருக்குள் அமர்ந்து பாடம் கேட்டான். தொழுநோயாளியைப் பற்றி அவன் பாட்டி சொன்னது ஒன்று. அவன் கண்ணால் கண்டது வேறொன்று. அங்கே உபந்நியாசம் எதுவும் தேவைப்படவில்லை. 1960களின் பிற்பகுதியில் சோம்நாத் என்னும் இடத்தில் ஆம்டே தொடங்கிய உழைப்பு முகாமுக்கு மகாராஷ்டிரம் முழுவதிலுமிருந்து கல்லூரி மாணவர்கள் சென்றனர். 1985 டிசம்பரில் அவர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தேச ஒற்றுமைப் பயணம் புறப்பட்டது நம் கன்னியாகுமரியிலிருந்துதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனந்த் நிகேதனில் தொழுநோயுற்றோர் முதலில் கட்டியவர்களாக நின்றனர். மாணவர்களாக வகுப்பில் அமர்ந்தது வேறு கட்டம். வேலூரின் கதை இதனின்று வேறுபட்டது. அங்கே உடற்குறையுடையவர் ஆசிரியராகவே வந்துவிட்டார்.

மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானவர். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்து, முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனார். முகத்திலும் ஆழ்ந்த தழும்புகள் விழுந்தன. அதோடு அவர் தொழில் முடிந்தது என்றே எவரும் நினைப்பர். அக்கல்லூரியில் தொழுநோயாளியின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் கலையை வளர்த்துக்கொண்டிருந்த பால் பிராண்ட் அவ்வாறு நினைக்கவில்லை. கை அறுவையை மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து மேரி வர்கீஸ் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற மேதையின் நிலையத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் உடலியக்க மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

இதை மாணவர் பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டுகளில் வேலூரில் பயின்ற ஒவ்வொரு மருத்துவ மாணவரும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரிடம் பாடம் கேட்டு, அவர் திருத்திய குறிப்பைப் பெற்று, அவர் கடிந்துகொண்டால் தலைகுனிந்து நின்றனர். ஆசிரியரிடம் அஞ்சுகிற மாணவனுக்கு அவர்மேல் பரிதாபப்பட நேரம் ஏது? எழுந்து நிற்க இயலாதவர் மருத்துவராகலாமா என்ற கேள்வி அவர்களைப் பொறுத்தவரை அன்றே தீர்ந்துவிட்டது. நாட்டின் பிற பகுதிகளில் அது மேலும் அறுபது ஆண்டுகள் தீராமல் கிடந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாணவர்கள் தாமே வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று 1988இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்தது. காது கேளாதோருக்கெனவே 1864இல் ஆப்ரஹாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் உயர்கல்வி உரிமை பெற்ற கல்லாடெட் பல்கலைக்கழகத்தில், 124 ஆண்டுகளாகத் தலைவராக இருந்தோர் அனைவரும் காது கேட்பவர்களே. அந்த மார்ச்சு மாதத்தில் ஆட்சிக்குழு மீண்டும் காது கேட்கும் ஒருவரையே தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயிற்கதவுகளைப் பூட்டினர். நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர். ஒரே வாரத்தில் புதிய தலைவர் பதவி விலகினார். காது கேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார். ஆட்சிக்குழுவிலும் காது கேளாதோர் பெரும்பான்மை ஆவதற்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. எங்களை ஆள்வோர் எங்களுள் ஒருவராக இருக்கவேண்டும் என்று மாணவர்கள் கேட்டதே அப்போராட்டத்தின் புதுமை.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலியில் பயின்ற இந்திய மாணவர் ஒருவர் இருந்தார்: ஜாவேத் அபிதி. கட்டடங்களைச் சுரங்க வழிகளால் இணைத்து, சக்கர நாற்காலி எங்கும் செல்லுமாறு அமைத்த பல்கலைக்கழகம் அது. தாயகம் திரும்பிய அவருக்கு ஒவ்வொரு படிக்கட்டும் உறுத்தியதில் வியப்பில்லை. 1990களில் அவரும் தோழர்களும் டில்லியில் போராடினர்; 1995 டிசம்பரில் நாட்டின் முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறிற்று. அரசுக் கல்வி நிலையங்களில் 3 சதவீத இடம் என்றது அச்சட்டம். 2001 ஜனவரியில் பெளதிக விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, குதுப் மினார், செங்கோட்டை முதலிய இடங்களில் அவருடைய சக்கர நாற்காலிக்காக மரத்தாலான தற்காலிகச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. அதற்காக எழுதிப் போராடியவரும் அபிதியே. மேதைக்குச் சாய்தளம் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டது. அதே டில்லியின் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனையோ ஆண்டுகள் அதற்குக் காத்திருந்தனர்.

சொற்களைப் பற்றிச் சற்றே சொல்ல அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பு என் உத்தியோகம் ஆதலால் இது தவிர்க்க முடியாதது. பழைய காகிதங்களில் 'அங்கஹீனர்' என்று எழுதினார்கள். பிறகு 'ஊனமுற்றோர்' வந்தது. தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது, அது நிலைத்தும்விட்டது. மராத்தியில் 'அபங்க்' என்றும், இந்தியில் 'விகலாங்க்' என்றும் வழங்கின. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலி உரையொன்றில் 'திவ்யாங்க்' என்ற சொல்லை முன்மொழிந்தார். தெய்விக உறுப்பு உடையவர் என்பது பொருள். அரசுத் துறையின் இந்திப் பெயரும் அவ்வாறே மாறிற்று. மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் பல அதனை விரும்பவில்லை. எனக்கும் அவர்கள் கட்சியே சரியெனப் படுகிறது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் தெய்விகமானவர் என்றால் அவரோடு குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்வதும், தேநீர்க்கடையில் காசுக்குத் தகராறு செய்வதும் எப்படி? கீழே வைத்தாலும் மேலே வைத்தாலும் பக்கத்தில் வைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முன்பு 7 வகையாக இருந்த உடற்குறைகளை அது 21 வகையாக விரித்தது. அரசு உயர்கல்வி நிலையங்களும் அரசு உதவி பெறுபவையும் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்க்கு ஒதுக்கவேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இடம் கொடுத்தால் போதாது, கட்டடமும் பாடமுறையும் அவர்க்கு ஏற்றவையாக வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவக் கல்விதான் கடைசிக் கோட்டையாக நின்றது. மகாராஷ்டிர மாணவர் ஒருவருக்குப் பேச்சிலும் மொழியிலும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு இருந்தது. ஒதுக்கீடு பெற 40 சதவீதம் வேண்டும். அதற்கு மேல் இருந்தால் மருத்துவம் படிக்கத் தகுதியில்லை என்றது அன்றைய விதி. கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஒரே எண்ணாக அமைந்த விந்தை இது! ஓம்கார் கோண்ட் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், மருத்துவக் குழு ஒன்று அவரை நேரில் சோதித்து, படிக்க இயலும் என்று கூறிற்று. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையை அனுமதித்து, அக்டோபர் 15இல் காரணங்களை வெளியிட்டது. சதவீத எண்ணை மட்டும் கொண்டு ஒருவரைத் தள்ளக்கூடாது, அவர் உண்மையில் படிக்க இயலுமா என்பதையே பார்க்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதனை எழுதியவர் பொள்ளாச்சியைச் சேர்ந்த நீதிபதி கே. வி. விசுவநாதன். வேலூரில் மேரி வர்கீஸ் நாற்காலியில் அமர்ந்து கத்தியைக் கையில் எடுத்து அப்போது அறுபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சட்டம் 5 சதவீதம் என்றது. உண்மை நிலை என்ன? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயின்றோர் சுமார் 4 கோடியே 33 இலட்சம். அவர்களுள் மாற்றுத்திறனாளிகள் 89 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயிரத்துக்கு இரண்டு பேர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு இருவருக்கு மேல் உடற்குறையுடையோர் என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். அதாவது, ஐந்நூறு மாணவர் உள்ள கல்லூரியில் சராசரியாக ஒருவர். அந்த ஒருவரை மற்ற 499 பேரும் வேடிக்கை பார்ப்பதையோ, அளவுக்கு மீறிப் பரிவு காட்டுவதையோ தவிர்ப்பது கடினம். பத்துப் பேர் இருந்தால் அவர்களுள் கெட்டிக்காரரும் சோம்பேறியும் பாடகரும் சண்டைக்காரரும் இருப்பர். அவரவரை அவரவர் குணத்தால் அறியத் தோழர்களுக்கு வாய்ப்பும் உண்டாகும். நம் மாணவர்களின் மனோபாவத்தைக் குறை கூறுவோர் முதலில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும் என்பேன்.

புனே மாணவர்களிடம் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. பள்ளி விடுதியை விட்டு வெளியேறவேண்டிய வயதை எட்டும் பார்வையற்ற இளைஞர்கள் மேற்கொண்டு படிப்பதற்காக மீரா பட்வே நடத்திவரும் 'நிவாந்த்' போன்ற ஸ்தாபனங்களுக்கும், நகரின் கல்லூரிகளுக்கும் தொண்டர்கள் கிடைக்கிறார்கள். பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறார்கள்; தேர்வில், சொல்வதை எழுதுபவராக அமர்கிறார்கள். இந்தக் கடைசிப் பணிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. எழுதுபவர் தேர்வரைவிடக் குறைந்த படிப்பும் குறைந்த மதிப்பெண்ணும் உடையவராக இருக்கவேண்டும் என்று பல தேர்வுக்குழுக்கள் விதித்திருந்தன. தேர்வர் சொல்வதை விட்டுத் தானே விடையெழுதிவிடுவார் என்ற ஐயமே அதன் வேர். எண்களின் குறிகளையே அறியாத சிறுவனிடம் பட்டப்படிப்புக் கணிதத்தைச் சொல்லி எழுதுவிப்பது எத்தகைய வேதனை என்று விதி செய்தவர் எண்ணவில்லை. 2013 பிப்ரவரியில் மத்திய அரசு அந்த வரம்பை நீக்கி, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் வழங்கிற்று. 2018இல், தேர்வரே அழைத்துவருபவராயின் ஒரு படி குறைந்த கல்வி உடையவராக இருக்கவேண்டும் என்று வரம்பு திரும்பிற்று. 40 சதவீதக் குறைபாடு இல்லாதவருக்கும், எழுத இயலாமை இருந்தால், எழுதுபவர் உண்டு என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று; அதற்கேற்ப அடுத்த ஆண்டு விதிகளும் வந்தன.

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் அறியவேண்டியது ஒன்று உண்டு. முன்பு ஒரு மாநிலம் தந்த மருத்துவச் சான்றிதழை மற்றொரு மாநிலத்தின் கல்லூரி ஏற்க மறுப்பது சகஜமாக இருந்தது. இப்போது வழங்கப்படும் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லும். திருநெல்வேலியில் பெற்றதைப் புனேயில் காட்டலாம். அட்டை கையிலிருந்தும், கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடும் பெற்றோர் உண்டு. பிள்ளையைப் பிறர் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. விண்ணப்பம் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். பிறகு விடுதியில் தரைத்தள அறையையோ, தேர்வில் கூடுதல் நேரத்தையோ கேட்கப் போகும்போது, அலுவலக எழுத்தர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த வெற்றுக் கட்டத்தைத்தான்.